வெளிநாடு வந்தபின்னும் ஆவியிலே அனலாயிருக்க: புதிதாக வந்தவர்களுக்குச் சில நடைமுறை வழிகள்

புதிதாக வருகிற பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஊர்ல ஒரு ஞாயிறுகூடத் தவறினதில்ல. இங்க வந்து நாலு மாசத்துல பைபிளைத் திறக்கவே மனசு வரல. என் விசுவாசம் போயிடுச்சா?"

போகவில்லை. ஊரில் கோயில் மணி, காலையிலேயே அம்மா போடும் சத்தம், பாடகர் குழு ஒத்திகை, அசனப் பண்டிகைக்குக் காய் நறுக்கப் போவது, விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம் எல்லாம் சேர்ந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போயின. இங்கே அவற்றில் ஒன்றும் இல்லை; அந்த ஏற்பாட்டை நீங்களேதான் மறுபடி அமைக்க வேண்டும். எபேசு சபையிடம் "நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்" என்று கர்த்தர் கடிந்துகொள்கிறார். அதற்கு மருந்தாக அடுத்த வசனத்தில் அவர் சொல்வதைப் பாருங்கள்: "மனந்திரும்பி, ஆதியில் செய்த கிரியைகளைச் செய்வாயாக" (வெளி. 2:5). உற்சாகம் வரட்டும், பிறகு செய்கிறேன் என்று காத்திருக்காதீர்கள். செய்யத் தொடங்குங்கள், அனல் பின்னால் வரும்.

இங்கிலாந்தை வைத்து எழுதுகிறேன். மற்ற நாட்டு நண்பர்கள் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் சபை. வந்த ஆறு வாரத்துக்குள் ஒரு சபையை முடிவு செய்யுங்கள். மூன்று சபைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஞாயிறு, அவ்வளவு போதும். ஆறு மாதமாக வாரம் ஒரு சபை பார்த்துக்கொண்டிருப்பவரை எந்தச் சபையிலும் யாருக்கும் தெரியாது. அவர் வராமல் போனாலும் போன் செய்து கேட்க ஆளில்லை. அப்படித்தான் பலர் சத்தமில்லாமல் நழுவிப் போகிறார்கள்.

சி.எஸ்.ஐ. பிள்ளைகள் எந்த சர்ச்சுக்குப் போவது என்று தயங்க வேண்டாம். 1947-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றுசேர்ந்து உருவானதுதான் தென்னிந்தியத் திருச்சபை. அதனால் இங்குள்ள சர்ச் ஆஃப் இங்கிலாந்து, மெதடிஸ்ட், யுனைட்டட் ரிஃபார்ம்ட் மூன்றும் நமக்கு உறவுதான். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே சேகர குருவானவரிடம் ஒரு அறிமுகக் கடிதமும், ஞானஸ்நானம், திடப்படுத்தல் சான்றிதழ்களின் நகலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சர்ச் ஆஃப் இங்கிலாந்தில் 'எலக்டோரல் ரோல்' என்றொரு பதிவேடு இருக்கிறது. ஞானஸ்நானம் பெற்று, 16 வயது நிறைந்து, அந்தப் பாரிஷில் குடியிருந்தாலோ ஆறு மாதம் தொடர்ந்து ஆராதனைக்கு வந்தாலோ அதில் சேரலாம். படிவம் சின்னது. பெயர் ஏறிவிட்டால் ஆண்டுக் கூட்டத்தில் வாக்கும் உண்டு. விருந்தாளி என்ற நிலை மாறுவது அங்கேதான்.

தமிழ்ச் சபை தூரத்தில் இருந்தால் வாராவாரம் அங்கேதான் போவேன் என்று தீர்மானம் எடுக்காதீர்கள். இரண்டு மணி நேரப் பயணம், ஞாயிறுகளில் ரயில் பாதைப் பராமரிப்பு வேலை, அதற்கு மாற்றாக விடும் பஸ். குளிர் வந்ததும் முதலில் நின்றுபோவது இந்தப் பயணம்தான். வீட்டுப் பக்கத்துச் சபைக்கு வாரந்தோறும், தமிழ் ஐக்கியத்துக்கு மாதம் ஒருமுறை என்று வையுங்கள். நெடுநாள் நிலைப்பது இந்த முறைதான். தமிழில் பாடும்போது நெஞ்சு நிறைவது உண்மை, அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் உடம்பு முடியாதபோது கஞ்சி கொண்டு வரக்கூடிய தூரத்தில் இருப்பது பக்கத்துச் சபை.

ஊர்ச் சபையின் யூடியூப் நேரலையை மட்டும் நம்பாதீர்கள். சென்னையில் காலை 8 மணி ஆராதனை தொடங்கும்போது லண்டனில் குளிர்காலத்தில் அதிகாலை 2:30, கோடையில் 3:30. அப்புறம் பார்க்கலாம் என்று வைத்தால் பாதிப் பிரசங்கத்தில் சமையல், மீதியில் தூக்கம். "சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடாமல்" என்று எபிரெயர் 10:25 சொல்வது கூடிவருதலை. திரையில் பார்ப்பது அதற்கு ஈடாகாது.

ஆங்கிலப் பிரசங்கம் மனதில் ஒட்டவில்லை என்பவர்களுக்கு. சர்ச் ஆஃப் இங்கிலாந்து, மெதடிஸ்ட் சபைகள் பலவற்றில் ஞாயிறு வாசிப்புகள் மூன்றாண்டுச் சுழற்சியில் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். நம்முடைய சி.எஸ்.ஐ. பஞ்சாங்க வாசிப்பு வேறு, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சபையின் இணையதளத்திலோ வாரத் தாளிலோ வரும் ஞாயிறின் பகுதிகளைப் பார்த்து, சனிக்கிழமை இரவே தமிழ் வேதாகமத்தில் இரண்டு தடவை வாசித்துவிடுங்கள். பத்து நிமிடம் போதும். மறுநாள் போதகரின் உச்சரிப்பு புரியாத இடத்திலும் வசனம் கைகொடுக்கும்.

அன்றாட வாசிப்பு. ஜனவரி 1 அன்று ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுபோகிறவர்கள்தான் அதிகம். பலி முறைகளையும் தோல் நோய்ச் சட்டங்களையும் துணையில்லாமல் களைப்போடு வாசித்தால் யாருக்கும் தடுமாறும். மாற்கில் தொடங்குங்கள், 16 அதிகாரம்தான். புதிய ஏற்பாட்டில் மொத்தம் 260 அதிகாரங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று என்றால் சரியாக 52 வாரம். சனிக்கிழமை விட்டதைப் பிடிக்க. அதற்கும் மேல் விட்டுப்போனால் பின்னால் போகாதீர்கள், அன்றைய அதிகாரத்தை வாசியுங்கள். பாக்கி ஏறிக்கொண்டே போவதுதான் மனதை உடைக்கிறது.

மொத்தம் 15 நிமிடம்: ஒரு சங்கீதத்துக்கு மூன்று, அதிகாரத்துக்கு ஏழு, ஜெபத்துக்கு ஐந்து. நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல், தினமும் எப்படியும் செய்கிற ஒரு வேலையோடு கட்டுங்கள். அரிசி களைந்து குக்கரை வைத்தவுடன், அல்லது ரயிலில் உட்கார்ந்தவுடன். அச்சிட்ட வேதாகமம் ஒன்று கட்டாயம் வேண்டும். போனில் திறந்தால் இரண்டாம் வசனத்துக்குள் வாட்ஸ்அப் கூப்பிடும்.

ஜெபத்துக்கு ஒரு சின்ன நோட்டு. நாளுக்கு ஒருவர்: திங்கள் அப்பா அம்மா, செவ்வாய் கூட வேலை பார்ப்பவர், புதன் வீட்டுக்காரர் என்று. பெயர் எழுதி வைத்து ஜெபித்தால் ஜெபம் சுற்றிச் சுற்றி உங்கள் விசாவையும் சம்பளத்தையும் பற்றியே நின்றுவிடாது.

ஒரு பொறுப்பு, ஒன்றே ஒன்று. மூன்றாம் மாதத்தில் ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். நாற்காலி போடுவது, ஆராதனைக்குப் பின் டீ, வேதபாடம் வாசிப்பது, எதுவானாலும் சரி. உங்கள் பெயர் அட்டவணையில் இருந்தால் மழையிலும் எழுந்து போவீர்கள். ஓய்வுநாள் பள்ளி என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்: பிள்ளைகளோடு பழகும் பணிக்கு டி.பி.எஸ். பின்னணிச் சோதனை உண்டு. தன்னார்வலர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஐந்து ஆண்டு முகவரிகள் கேட்பார்கள், ஊர் முகவரியும் அதில் சேரும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வந்த வேகத்தில் பாடகர் குழு, வெள்ளி வீட்டுக்கூட்டம், மாத முழு இரவு ஜெபம், உபவாசக் கூட்டம் என்று எல்லாவற்றிலும் பெயர் கொடுத்துவிட்டு, ஆறாம் மாதம் ஒன்றுக்கும் வராமல் போவது. முதல் வருடம் ஞாயிறு ஆராதனையும் ஒரு சிறு குழுவும் ஒரு பொறுப்பும் போதும்.

காணிக்கையையும் ஒழுங்கில் கொண்டு வாருங்கள். சம்பள நாளிலேயே நிலையான தொகை போகும்படி வங்கியில் வைத்துவிடலாம். நீங்கள் வருமான வரி கட்டுபவரானால் 'கிஃப்ட் எய்ட்' படிவத்தில் கையெழுத்திடுங்கள். நீங்கள் கொடுக்கும் 10 பவுண்டுக்கு அரசிடமிருந்து சபைக்கு இன்னும் 2.50 பவுண்டு கிடைக்கும். வரி கட்டாத மாணவர்கள் அதில் கையெழுத்திட வேண்டாம், தொகை உங்கள் தலையில் வரும்.

—

கத்தோலிக்கர்களுக்காக ஒரு சேர்ப்பு

திருப்பலி வாசகங்கள் உலகெங்கும் பெரும்பாலும் ஒன்றே. ஊரில் அம்மா கேட்கும் அதே நற்செய்தியைத்தான் பெரும்பாலான நாட்களில் நீங்களும் இங்கே கேட்கிறீர்கள். காலையில் அன்றைய வாசகத்தைப் பற்றி வீட்டோடு இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள்.

ஞாயிறு வேலை என்றால் சனி மாலைத் திருப்பலி ஞாயிறு கடமையை நிறைவேற்றும் (திருச்சபைச் சட்டம் 1248). நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பு போதும். ஷிஃப்ட் முடித்துச் சாப்பிட்டுவிட்டேனே என்று திரும்பிப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். ஐந்து பத்துமணி செபமாலைக்கு இருபது நிமிடம் ஆகும், பஸ் பயணத்துக்குப் பொருத்தம். தியானிக்க வேண்டிய மறைபொருள்கள்: திங்கள், சனி மகிழ்ச்சி; செவ்வாய், வெள்ளி துயரம்; புதன், ஞாயிறு மகிமை; வியாழன் ஒளி.

திருமணம் பேசத் தொடங்கினால் ஞானஸ்நானச் சான்றிதழைப் புதிதாக எடுக்க வேண்டும். பழையது இருக்கிறதே என்று வாதாட வேண்டாம். பொதுவாக ஆறு மாதத்துக்குள் வழங்கியதைத்தான் கேட்பார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரக்குறிப்பில் முந்தைய திருமணம் ஏதும் உண்டா என்று பார்ப்பதற்காகத்தான் அது.

—

ஜெர்மனி வருபவர்களுக்கு

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அந்தப் படிவத்தில் மதம் கேட்கும் கட்டத்தை அவசரத்தில் நிரப்பாதீர்கள். கத்தோலிக்கர் என்றோ எவாங்கெலிஷ் (புராட்டஸ்டண்ட்) என்றோ எழுதினால் சம்பளத்திலேயே சர்ச் வரி பிடிப்பார்கள். பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலங்களில் 8 சதவீதம், மற்றவற்றில் 9. இது சம்பளத்தில் கணக்கிடுவதல்ல, வருமான வரியில் கணக்கிடுவது: 9 சதவீத மாநிலத்தில் மாத வருமான வரி 400 யூரோ என்றால் சர்ச் வரி 36 யூரோ. பெந்தெகொஸ்தே போன்ற சுயாதீனச் சபைகள் பெரும்பாலும் இந்த வரியில் இல்லை.

பணத்தை மிச்சம் பிடிக்க, கத்தோலிக்கராக இருந்துகொண்டே பிறகு அரசு அலுவலகத்தில் விலகல் பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2012-இல் ஜெர்மன் ஆயர்கள் வெளியிட்ட ஆணைப்படி, அப்படி விலகியவர் பாவசங்கீர்த்தனமோ நற்கருணையோ பெற முடியாது, ஞானப்பெற்றோராகவும் நிற்க முடியாது. எண்ணி முடிவெடுங்கள். ஆகஸ்டில் கேவலார் மாதா திருத்தலத்துக்குத் தமிழர் திருப்பயணம் உண்டு. தனித்துப்போனதாக உணர்பவர்கள் முதல் வருடமே போய் வாருங்கள்.

—

இரவு ஷிஃப்ட் செவிலியர்களுக்கும், குளிர்காலம் பற்றியும்

ரோஸ்டர் வெளிவருமுன் ஞாயிறு கேளுங்கள். எல்லா ஞாயிறும் கேட்டால் கிடைக்காது. ஒன்றுவிட்டு ஒன்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். பல சர்ச் ஆஃப் இங்கிலாந்து கோயில்களில் காலை 8 மணிக்குச் சிறிய திருவிருந்து ஆராதனை உண்டு, இரவுப் பணி முடித்து நேராகப் போகலாம். மருத்துவமனையிலேயே சாப்பலும் (சிற்றாலயம்) சாப்ளினும் (மருத்துவமனைப் போதகர்) உண்டு. அவை நோயாளிகளுக்கு மட்டும் அல்ல, ஊழியர்களுக்கும்தான்.

டிசம்பரில் லண்டனில் மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். அந்த மாதங்களில் ஜெபிக்க மனமில்லை, எழ முடியவில்லை, அழுகை வருகிறது என்றால் உடனே "நான் பின்வாங்கிப்போனேன்" என்று தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாதீர்கள். தூக்கத்தைப் பாருங்கள், பகலில் வெளியே நடங்கள். இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுப்பது பற்றி எல்லோரும் யோசிக்கச் சொல்லி என்.எச்.எஸ். (இங்குள்ள அரசு மருத்துவ சேவை) பரிந்துரைக்கிறது. மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவர்) போங்கள். மருந்து எடுப்பது அவிசுவாசம் ஆகாது. அந்த நாட்களில் நீண்ட ஜெபம் வேண்டாம், கர்த்தருடைய ஜெபமும் ஒரு சங்கீதமும் போதும். அதுவும் முடியாவிட்டால் சபையில் ஒருவரை உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பண்டிகை நாட்கள். மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும். மறந்தால் ஆசீர்வாதம் கூறும் நேரத்துக்குத்தான் போய்ச் சேருவீர்கள். டிசம்பர் 25 அன்று லண்டன் டியூபும் ரயிலும் ஓடாது. நடந்து போகும் தூரத்தில் கோயில் இல்லையென்றால், டிசம்பர் முதல் வாரத்திலேயே கார் வைத்திருக்கும் குடும்பத்திடம் சொல்லி வையுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், தனியாக இருப்பவர்களைச் சாப்பாட்டுக்கும் சேர்த்தே கூப்பிடும் வீடுகள் சபையில் இருக்கும்.