டெல்டா கடலோரம் இரண்டு நாள்: எப்படிப் பிரிக்கலாம்?

கோவைப் பயணி: டிசம்பர் கடைசி வாரம் காரில் நாலு பேர் வர்றோம், வயசான அம்மாவும் உண்டு. தரங்கம்பாடி, கோடியக்கரை, முத்துப்பேட்டை மூணையும் ரெண்டு நாளில் பார்க்க முடியுமா? எங்கே தங்கலாம்?

வண்டல்: முடியும். ராத்திரி தங்கல் மட்டும் வேதாரண்யத்தில் வைங்க. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம். ரூம் கிடைப்பது கஷ்டம். அதோட கோடியக்கரையில் வெளிமான் புல்வெளிக்கு வருவது விடிஞ்சதும், வெயில் தாழ்ந்த பிறகும்தான். நாகையிலிருந்து கிளம்பி பத்து மணிக்கு வந்து சேர்ந்தா அது நிழலுக்குள் போயிருக்கும். கிடாவுக்கு முறுக்கின கொம்பு, கறுத்த முதுகு, வெளுத்த வயிறு. பெட்டை பழுப்பு, கொம்பு கிடையாது.

அங்கேயே பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்கவும் டிசம்பர் நல்ல காலம். ஆனா தூரத்தில்தான் நிற்கும். பைனாகுலர் இல்லேன்னா வெள்ளைக் கோடு கிழிச்ச மாதிரி தெரியும், அவ்வளவுதான். கிட்டே போகலாம்னு சேத்தில் இறங்கிடாதீங்க. மேல்பொருக்கு காய்ஞ்சு கெட்டியா இருக்கும், கால் வெச்சா உள்ளே இழுக்கும். உப்பளத்து மண்பாதையும் அப்படித்தான், மழை பெஞ்சா கார் புதையும். டீசல், சாப்பாடு, குடிதண்ணி எல்லாத்தையும் வேதாரண்யத்திலேயே முடிச்சுக்கங்க.

கடைமடை: தரங்கம்பாடியை முதல் நாள் பாருங்க, ஆனா வெள்ளிக்கிழமை வேண்டாம். கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்னிக்கு லீவு. 1620-ல் ரகுநாத நாயக்கர் காலத்தில் டேனிஷ்காரங்க கட்டினது. 1845-ல் ஊரையே ஆங்கிலேயருக்கு வித்துட்டாங்க. ராஜவீதி மேடு பள்ளமில்லாத நேர்த்தெரு, 1718-ல் கட்டின புதிய எருசலேம் ஆலயமும் அதிலேயே இருக்கு. அம்மா நிதானமா நடக்கலாம். காரைக்கால் வழியா தெற்கே வரும்போது மதுபாட்டில் எதுவும் வாங்கி வண்டியில் வைக்காதீங்க. வாஞ்சூர் சோதனைச்சாவடியில் மாட்டுவீங்க.

அலையாத்தி: முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு (கடலோரச் சதுப்புக் காடு) ரெண்டாம் நாள் மதியத்துக்கு மேல் போறது சரிப்படாது. கோடியக்கரையை காலை எட்டு மணிக்குள் முடிச்சுட்டு நேரா கிளம்புங்க. படகு ஜாம்பவானோடையிலிருந்து, வனத்துறை அனுமதியோட. முந்தின நாளே பேசி வெச்சுடுங்க. கோரையாறு வழியா போகும்போது ரெண்டு கரையிலும் சேத்தைத் துளைச்சுக்கிட்டு நிமிர்ந்து நிற்கிற மூச்சு வேரைப் பாருங்க. அந்தச் சேத்தில் காற்று புகாது, அதனால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குது. ஆறு போய்ச் சேர்ற காயல் (கடலை ஒட்டின உப்புநீர் ஏரி) ஆழம் கம்மி, தண்ணி வத்தின நேரத்தில் படகு தரை தட்டும். கிளம்பும் நேரத்தைப் படகுக்காரர் சொல்றபடி வைங்க. காயலில் நிழலே இல்லை. அம்மாவுக்குத் தொப்பியும் தண்ணியும் கட்டாயம்.

கோவைப் பயணி: அந்த வாரம் மழை பிடிச்சா?

வண்டல்: புயல் எச்சரிக்கை இருந்தா படகு விடமாட்டாங்க. வெறும் மழைன்னா தரங்கம்பாடியை மட்டும் வெச்சுக்கிட்டு, தெற்கே வர்றதை பிப்ரவரிக்குத் தள்ளுங்க.