படுவான்கரை வீட்டுக்கு 4ஜியா, ஸ்டார்லிங்கா?

வயலோரம்:
மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால படுவான்கரை, அங்க கொக்கட்டிச்சோலையில இருந்து உள்ளுக்கு, வயல் பக்கம் எங்கட வீடு. பைபர் கேபிள் இன்டர்நெட் இன்னும் வரல்ல. தங்கச்சி வீட்டில இருந்து வேலை செய்யிறா, மகனுக்கு ஏ.எல். ஸூம் வகுப்பு. 4ஜி ரவுட்டர் எடுக்கவா, கடன்பட்டு ஸ்டார்லிங்க் சற்றலைட் இன்டர்நெட் போடவா?

கல்லடி வாவிமீன்:
ஸ்டார்லிங்க்தான். 2025 ஜூலையில இருந்து நம்மட நாட்டில கிடைக்குது. பழைய சற்றலைட் 35,786 கிலோமீற்றர் உயரத்தில. கதைச்சா மறுபக்கம் கேக்கவே இழுக்கும். ஸ்டார்லிங்க் 600க்கும் கீழதான்.

மண்டூரான்:
கல்லடியில பைபரப் போட்டுக்கிட்டு படுவான்கரைக்குப் புத்தி சொல்றீங்க! டிஷ் விலையப் பாத்தீங்களா? பெரும்போகம், சிறுபோகம் வெட்டினாத்தான் எங்களுக்குக் காசு. பில் மாசாமாசம் வரும்.

கல்லடி வாவிமீன்:
ஒரு 4ஜி டவர எத்தின வீடு பங்குபோடுது? இரவு எட்டு மணிக்கு எல்லாரும் நாடகம் பாக்கக்குள்ள உங்கட ஸூம் வட்டம் சுத்தும்.

மண்டூரான்:
சுத்தினதுதான், மறைக்கல்ல. ரவுட்டர் அலுமாரிக்கு மேல இருந்த காலம் அது. புறகு தண்ணி டாங்கில குழாய் நட்டு அன்டெனா போட்டம். நான் மேல நின்டு திருப்ப, மகள் கீழ போனப் பாத்து "இன்னும் கொஞ்சம்பா, ஐயோ கூடிட்டு" என்டு கத்துறா. ஆர்எஸ்ஆர்பி, அதான் சிக்னல் பலத்தக் காட்டுற எண், -112ல இருந்து -94க்கு வந்திச்சி. போன்ல காட்டுற சிக்னல் கோட்ட நம்பாதீங்க, அந்த எண்ணப் பாருங்க. பூச்சியத்துக்குக் கிட்ட வந்தா நல்லம். ஸ்டார்லிங்க்ட வழமையான டிஷ்ஷுக்கு 75 தொடக்கம் 100 வாட் வேணும். ரவுட்டர் 12 வோல்ட் சின்ன யூபிஎஸ்ல சில மணித்தியாலம் தாங்கும்.

கல்லடி வாவிமீன்:
மழை வெள்ளத்தில டவர்ட பட்டரியே இறங்கினா, அந்த யூபிஎஸ்ஸ வெச்சி என்ன செய்யப்போறீங்க?

அக்கரைப்பற்று ராத்தா:
எங்கட காக்கா தென்னந்தோட்டத்துக்குள்ள டிஷ் வெச்சார். மட்டை ஆட ஆட லைன் வெட்டுது. கடும் மழைக்கும் நிண்டு நிண்டுதான் வரும். வானம் திறந்த வளவு என்டா வேற கதை. தம்பி வயலோரம், ரெண்டுக்கும் முதல் சொந்தக்காரர்ட சிம்ம வாங்கி இரவு எட்டு மணிக்குக் கூரையில ஏறிப் பாருங்க. பக்கேஜ்ல பகல் டேட்டா எவ்வளவு என்டும் கேளுங்க. நடுச்சாமத்துக்குப் புறகு கிடைக்கிற டேட்டாவில மகன் படிக்கவா போறார்?

வயலோரம்:
ராத்தா, மச்சான்ட சிம்மால பாத்தன். விறாந்தையில வேகம் 3 எம்பிபிஎஸ், கூரையில 17. குழாய் வாங்கப் போறன்.

கல்லடி வாவிமீன்:
மார்கழி மழை முடியட்டும், வந்து சொல்லுங்க.

மண்டூரான்:
குழாய மூணு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டுங்க, ஏர்த்தும் அடிங்க. வாடைக் காத்துக்குத் திரும்பினா பழையபடி ஒரு கோடுதான்.