ஊருணிக்கரைச் சாலையில் நடைக்கும் சைக்கிளுக்கும் இடம்

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊருணிக்கரைச் சாலை 7 மீட்டர் அகலம். நடப்பவர்களும் பள்ளிச் சைக்கிள்களும் லாரியை உரசித்தான் போகிறார்கள். தனிச் சைக்கிள் பாதை போடலாமா?

பதில் 1: இருவழிப் போக்குவரத்தோடு அதற்கு இடம் பத்தாதுங்க. தண்ணீர்ப் பக்கம் 1.8 மீட்டர் நடைபாதை விடுங்க. நடுவில் மின்கம்பம் வரக் கூடாது. மீதியில் வண்டி வேகத்தை மணிக்கு 30 கி.மீ.க்குள் அடக்கினால் சைக்கிள் கூடவே போகலாம். படித்துறைக்கு எதிரே 10 செ.மீ. உயர மேடைக் கடவை (ஆட்கள் சாலையைக் கடக்கும் இடத்தை மேடாக்குவது) வையுங்க, வண்டி ஏறி இறங்கும் சாய்வு நீளமாக.

பதில் 2: முதலில் வரத்துக்காலை, அதாவது ஊருணிக்கு மழைத்தண்ணி வரும் வாய்க்காலைப் பாருங்க! நடைபாதையை ஒரே மேடாக இழுத்தால் மழைத்தண்ணி ஊருணிக்குள் இறங்காது. ரோட்டில் தேங்கி, நடைபாதையில் பதிக்கும் பேவர் கல்லுக்கு அடியிலுள்ள மணலை அரிக்கும், கல் ஆடும். வாய்க்கால் மூடிக் கம்பிகள் சைக்கிள் போகும் திசைக்குக் குறுக்கே இருக்கணும். நீளவாக்கில் இருந்தால் டயர் இறங்கிடும்.

பதில் 3: ஓரக்கல்லை முதலில் கான்கிரீட்டில் ஊன்றுங்க. நடைக்கு 60 மி.மீ. பேவர், வண்டி ஏறும் வாசல்களில் 80.