மட்டக்களப்பில சல்சா, பச்சாட்டா ஆட எங்க போறது: பாசிக்குடாவா, அறுகம்பேயா, ஊருக்குள்ள மண்டபமா?

வாவிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். கல்லடி, ஆரையம்பதிப் பக்கம் பன்னிரண்டு சோடி சேர்ந்திருக்கிறம். சல்சா, பச்சாட்டா ரெண்டும் லத்தீன் அமெரிக்காச் சோடி ஆட்டம். சல்சாவில அடிப்படை அடி, வலப்பக்கம் கிறுகிறது, இடம் மாறுறது, இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும். பச்சாட்டா கொஞ்சம். ஓகஸ்டில வெளிநாட்டில இருந்து லீவுக்கு வாற சொந்தக்காரர் ஆறேழு பேரும் சேருவாங்க, அவங்க நல்லா ஆடுறவங்க. மேடை நிகழ்ச்சி இல்ல. பாட்டைப் போட்டு, சோடி மாத்தி மாத்தி மூணு மணித்தியாலம் ஆட ஒரு மாலை வேணும். பாசிக்குடாக் கடற்கரை, அறுகம்பே, டவுனுக்குள்ள ஒரு மண்டபம், இந்த மூண்டையும் யோசிச்சிருக்கம். மணல்ல ஆடலாமா? ஸ்பீக்கர், பாட்டு, நேரம் எல்லாம் எப்படி? வீட்டு ஆக்களும் வந்து பார்ப்பாங்க, அதையும் மனசில வச்சுச் சொல்லுங்க.

தேக்குப்பலகை:

தம்பி, முதல்ல தரையைத் தேடுங்க. இடத்தின்ட பேரை மறுகா பார்க்கலாம்.

சல்சாவில கிறுகிறது முன்பாதத்தில ஊன்றி, குதி நிலத்தை விட்டுக் கொஞ்சம் எழும்பி இருக்கிற நிலையில. மணல் அந்த முன்பாதத்தைப் பிடிச்சு வச்சிக்கொள்ளும். உடம்பு கிறுகும், கால் நிக்கும், அந்த முறுக்கு முழுக்க முழங்காலுக்குப் போகும். காய்ஞ்ச மணல்ல காலை இழுத்து எடுக்கவே ஒரு அடி நேரம் போறதால, 1-2-3 வச்சு 4இல நிக்கிற சல்சா எண்ணிக்கை எப்பவும் பிந்தும். ஹோட்டல் நீச்சல் தடாகத்துப் பக்கத் தரையையும் விட்டிருங்க. ஈரம் பட்ட டைல் வழுக்கும். காய்ஞ்சிருந்தாலும் கடற்கரைக் காலோட வந்த மணல் அதில கிடக்கும். கடுகு கொட்டின தரையில நிக்கிற மாதிரித்தான்.

நல்ல தரை எண்டா மினுக்கின சீமெந்து, டெராசோ, பலகை. வழுவழுப்பான பெரிய டைலும் சரி, கல்லிடுக்கு உயர்ந்து நிக்காட்டி. போடப்போற சப்பாத்தோட போய் ஒத்தைக் காலில ஒரு உந்தலோட முழுச் சுத்துக் கிறுகிப் பாருங்க. பாதியில நிண்டா தரை பிடிக்குது. சுத்து முடிஞ்ச பிறகும் ஊன்றின கால் நகர்ந்து போனா வழுக்குது. நேரா ஒரு முழுச் சுத்து வந்து நிண்டா அந்த மண்டபத்தை எடுங்க.

அளவு: கோட்டில முன்னும் பின்னும் ஆடுற சல்சாவுக்கு ஒரு சோடிக்கு நீளம் இரண்டு மீட்டர், அகலம் ஒரு மீட்டர் போதும். புதுசா ஆடுறவங்க கோட்டை விட்டு விலகுவாங்க, அதனால சோடிக்கு மூணு சதுர மீட்டர் வையுங்க. பன்னிரண்டு சோடிக்கு 20 அடிக்கு 20 அடி சரியா வரும். கதிரைகளை ஒரு சுவரோரமா மட்டும் போடுங்க. சுத்திவரப் போட்டா பார்க்கிறவங்கட கால் தளத்துக்குள்ள வரும், கிறுகிற ஆள் அதைக் காணமாட்டார்.

சப்பாத்துக்கு வெளிநாட்டுச் சாமான் தேவையில்ல. பழைய கன்வஸ் சப்பாத்தைச் சப்பாத்துத் தைக்கிறவரிட்டக் குடுத்து, முன்பாதத்துக்குக் கீழ றப்பர் வரியைச் சுரண்டி மட்டமாக்கி, சொரசொரப்பான பக்கம் வெளியில தெரிய மெல்லிய தோல் துண்டு ஒண்டை ஒட்டச் சொல்லுங்க. பசையை இரண்டு பக்கமும் பூசி, கையில ஒட்டாத அளவு காய விட்டு, அமத்தித் தட்டி, ஒரு நாள் வைக்கணும். குதிப் பக்கம் றப்பராவே இருக்கட்டும், நிக்கிறதுக்கு அது தேவை. ஒட்டின தோல் ஈரத்தில பட்டா இறுகிப் பிடிக்கும், அதனால மண்டபத்துக்குள்ள மட்டும் போடுங்க. றப்பர்ச் செருப்போட ஒருத்தரையும் கிறுக விடாதீங்க. றப்பர் தரையைப் பிடிச்சா முறுக்கு முழங்காலுக்குத்தான் போகும்.

தரையில முகப்பவுடர் கொட்டுற பழக்கம் வேண்டவே வேண்டாம். ஒருத்தருக்கு வழுக்கினாப் போதும், அடுத்த சோடியும் சேர்ந்து விழும். வாசல்ல தும்புக் கால்மிதி இரண்டு போடுங்க. தொடங்க முதல் ஈரத்துணியால துடைச்சு நல்லாக் காய விடுங்க.

பொத்துவில்வழி:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன், ஒரு திருத்தத்தோடு. மெரெங்கே என்ற லத்தீன் ஆட்டத்துக்கு மணல் தடை இல்லை. அதில் கிறுகும் வேகம் குறைவு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு கால், அவ்வளவுதான். அலை நனைத்து இறுகிய ஓரத்தில் வெறுங்காலோடு ஆடலாம். ஆனால் நமது கிழக்குக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. அந்த இறுகிய பட்டை ஒடுக்கமானது, கடலை நோக்கிச் சரிந்தும் இருக்கும். பாசிக்குடாவில் அரை மணித்தியாலம் விளையாட்டுக்கு ஆடலாம், ஒரு முழு மாலையை அதில் நம்ப முடியாது.

பருவத்தையும் பாருங்கள். கிழக்கில் மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி, உல்லாசப் பயணிகள் வரும் காலமும் அதுதான். அதே மாதங்களில் கச்சான் காற்றும் அடிக்கும். பின்னேரம் நான்கு மணிக்குத் திறந்தவெளியில் ஆடினால் புழுதியும் வெக்கையும் ஆளை முறித்துவிடும். சூரியன் சாய்ந்த பிறகு, ஆறரைக்குத் தொடங்குவதே சரி. நவம்பர் முதல் ஜனவரி வரை வாடை மழை, அப்போது கூரைக்கு வெளியே எதையும் திட்டமிட வேண்டாம்.

அறுகம்பே மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாக நூறு கிலோமீற்றருக்கு மேல். ஆடி முடித்து இரவே திரும்ப பஸ் கிடைக்கும் என்று போகாதீர்கள், தங்குமிடத்தோடு திட்டமிடுங்கள். அலைச்சறுக்குப் பருவத்தில் அங்கே பல நாட்டு ஆட்கள் இருப்பார்கள், லத்தீன் ஆட்டம் தெரிந்தவர் அகப்படுவதும் உண்டு. ஆனால் இரவுக் கொண்டாட்டங்களில் பெரும்பாலும் ஓடுவது எலக்ட்ரோனிக் இசை. “சல்சா இரவு” என்று பலகை கண்டால் உள்ளே போகுமுன் இரண்டு விஷயம் கேளுங்கள்: சல்சாப் பாட்டு எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, தரை என்ன. பதில் தெளிவாக இல்லையென்றால் அது பெயருக்கு மட்டும் சல்சா. பாசிக்குடா முப்பத்தைந்து கிலோமீற்றருக்குள், வானில் போய் அன்றே திரும்பலாம். ஹோட்டலில் கேட்க வேண்டியது கடற்கரையை அல்ல, உள்ளே இருக்கும் விழா மண்டபத்தை.

ஒலி விஷயம் முக்கியம். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி பற்றி 2007இல் உயர் நீதிமன்றம் கடுமையான உத்தரவு கொடுத்தது. பொலிஸ் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, ஒன்பதரைக்கு முடியுமாறு வையுங்கள். போயா நாளைத் தவிருங்கள். நோன்பு மாதத்தையும், ஊர்க் கோவில் திருவிழா நாட்களையும் தவிருங்கள். பொத்துவில், வாழைச்சேனைப் பக்கமானால் பாங்கு சொல்லும் நேரத்துக்குப் பாட்டை நிறுத்துங்கள். கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்றில்லை, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் மரியாதை அது.

மணிச்சத்தம்:

பாட்டு, ஸ்பீக்கர் பற்றி.

சல்சாப் பாட்டு நிமிடத்துக்கு 150இல் இருந்து 220 தாள அடி வரை போகும். உங்கட ஆக்களுக்கு 160 முதல் 180. 180இல எட்டு எண்ணிக்கை இரண்டே முக்கால் செக்கனுக்குள்ள முடிஞ்சிரும், புதுசா ஆடுறவருக்கு அதுவே வேகம். தாள வேகம் எண்ணுற போன் செயலி 90 எண்டு காட்டினா அது பாதியா எண்ணுது, இரட்டிப்பாக்குங்க. பச்சாட்டா 120 முதல் 135.

வரிசை: சல்சா இரண்டு, பச்சாட்டா இரண்டு, மெரெங்கே ஒண்டு. ஏறக்குறைய இருபது நிமிடம். பிறகு திரும்ப அதே சுத்து. வெளிநாட்டில இருந்து வாறவங்களுக்காக ஒவ்வொரு அரை மணித்தியாலத்துக்கும் 200ஐத் தாண்டின ஒரு பாட்டுப் போடலாம், ஆனா முதல்லயே அறிவிச்சிருங்க, மத்தவங்க இருந்து தண்ணி குடிக்கட்டும். ஒரு பாட்டு மங்கி மத்தப் பாட்டு ஏறுற அமைப்பைப் போனில நிறுத்துங்க. இரண்டு தாளம் ஒண்டோட ஒண்டு கலந்தா ஒருத்தருக்கும் “1” எங்க எண்டு தெரியாது. பாட்டுக்கு இடையில பத்துச் செக்கன் அமைதி இருந்தாத்தான் சோடி மாற நேரம் கிடைக்கும்.

கையடக்கச் சின்ன ஸ்பீக்கர் ஏன் சரிவராது? சல்சாவில பேஸ் ஒலி 1இல விழாது. 2இன்ட பிற்பாதியிலயும் 4இலயும் விழும். பேஸை மட்டும் கேட்டு ஆடுறவர் முந்திக் கால் வைப்பார். அவரைக் காப்பாத்துறது சல்சா வாத்தியக்காரர் குச்சியால தட்டுற மாட்டுமணி: பாட்டு சூடு பிடிக்கிற பகுதியில 1, 3, 5, 7 எண்டு தெளிவாகத் தட்டும். கொங்கா மேளத்தில “டும்-டும்” எண்டு சேர்ந்து வாற இரண்டு திறந்த தட்டு 4இலயும் 8இலயும். மணி, கொங்கா, பேஸ் மூண்டும் பிரிஞ்சு கேக்கணும். 400 சதுர அடிக்கு 12 அங்குலமோ 15 அங்குலமோ ஒரு பவர் ஸ்பீக்கர் தாராளம். தாங்கியில தலைக்கு மேல உயர்த்தி, மூலையில இருந்து தளத்துக்குக் குறுக்கா வையுங்க. தரையில வச்சா முன்னுக்கு நிக்கிறவங்கட காலே சத்தத்தை மறைக்கும். தகரக் கூரையோ சீற்றோ அதிர்ந்தா பேஸைக் குறையுங்க, மொத்தச் சத்தத்தைக் கூட்டாதீங்க.

வயரால இணையுங்க. போனை விமான நிலையில போடுங்க, அழைப்பு வந்தாப் பாட்டு நிக்கும். கரண்ட் போனாலும் ஓடுறதுக்கு சார்ஜ் பண்ணின ட்ரொலி ஸ்பீக்கர் ஒண்டு மூலையில இருக்கட்டும்.

வாவிக்கரை:

பெரிய உதவி. எங்களுக்குள்ள பாதிப்பேர் கலியாண வீட்டில பைலா ஆடிப் பழகின ஆக்கள். சல்சாவிலயும் துள்ளித் துள்ளி 4ஐ விழுங்கிறாங்க. மற்றப் பாதி பரதம் படிச்ச பிள்ளைகள், அவங்க காலைத் தட்டி வைக்கிறாங்க. எப்படித் திருத்துறது?

ஆறெட்டு:

இரண்டும் நல்ல பழக்கம், இடம்தான் வேற.

பைலாவும் அதுக்கு முந்தின கபிரிஞ்ஞா ஆட்டமும் ஆறெட்டுத் தாளம். ஒரு சுத்துக்குள்ள இரண்டு பெரிய அடி, ஒவ்வொண்டுக்குள்ளயும் மூண்டு. உடம்பு அந்த இரண்டு பெரிய அடியில துள்ளும், இடைவெளியே கிடையாது. சல்சா நாலுநாலு. 1-2-3 வச்சு 4இல காத்து, 5-6-7 வச்சு 8இல காக்கிறது. துள்ளுற உடம்புக்குக் காக்கத் தெரியாது. அதனால அவங்களை நேரா சல்சாவுக்குக் கொண்டுபோகாம மெரெங்கேயில பதினைஞ்சு நிமிடம் விடுங்க: தோள் ஆடாம, முழங்கால் மடிஞ்சு நிமிர, இடுப்பு தானா அசையும். மறுகா பச்சாட்டா: 1-2-3 வச்சு 4இல பாரம் ஏத்தாம நுனிக்காலால ஒரு தொடுகை. அந்தத் தொடுகை 4இல ஒரு வேலை குடுக்கும். கொஞ்ச நாள் போக அந்தத் தொடுகையை எடுத்துவிட்டா, மிச்சம் இருக்கிறது சல்சாவின்ட காத்திருப்பு.

பரதம் படிச்ச ஆக்களுக்கு ஆதி தாளம் கையில இருக்கு. எட்டு அட்சரத்தைக் கையில போட்டுக்கொண்டு, காலை 4இலயும் 8இலயும் மட்டும் நிறுத்தச் சொல்லுங்க, பத்து நிமிடத்தில பிடிச்சிருவாங்க. அவங்கட பிழை, முழுப்பாதத்தையும் ஒரே நேரம் தட்டுறது. முன்பாதம் முதல், குதி மறுகா, உடம்பின்ட பாரம் முழுக்க அந்தக் காலுக்கு மாறணும். பாரம் பாதி மாறினா அடுத்த கால் எதெண்டு குழம்பும். அடி சின்னதா இருக்கட்டும், ஒரு பாத நீளத்துக்கு மேல வேண்டாம்.

இன்னொண்டு. மட்டக்களப்புப் பறங்கியர் கலியாணங்களில வயலினோட கபிரிஞ்ஞாவும், லான்சர்ஸ் எண்ட ஐரோப்பியச் சோடி ஆட்டமும் ஆடினவங்க. சோடி சேர்ந்து ஆடுறது இந்த ஊருக்குப் புதுசில்ல. வீட்டுப் பெரியவங்க தயங்கினா அதைச் சொல்லுங்க. மண்டபக்காரர் “இது என்ன ஆட்டம்” எண்டு கேட்டா, டொமினிக்கன் குடியரசின்ட மெரெங்கே 2016இலயும் பச்சாட்டா 2019இலயும் யுனெஸ்கோவின்ட மரபுப் பட்டியல்ல சேர்ந்தது எண்டும் சொல்லலாம்.

செவ்விளநீர்:

தம்பி, பெண்பிள்ளைகள் திரும்ப வரணும் எண்டா இதுகளை முதல் நாளே எல்லாருக்கும் சொல்லுங்க.

ஆடக் கேக்கிறது வாயால. “ஆடுவமா?” போதும். “இல்ல” எண்டா காரணம் கேக்கக்கூடாது. ஒரு பாட்டு முடிய நன்றி சொல்லி மாறணும், ஒருத்தரையே பிடிச்சு வச்சிருக்கக்கூடாது. ஆணின்ட வலக்கை பெண்ணின்ட தோள்பட்டை எலும்பில, இடுப்பில இல்ல. வீட்டு ஆக்கள் இருக்கிற மாலையில பச்சாட்டாவைத் திறந்த பிடியில, இரண்டு கையும் பிடிச்சு ஆடுங்க, அதில அழகு குறையாது. பின்னால சரிக்கிறது, தூக்கிறது ரெண்டும் வேண்டாம். ஆடிக்கொண்டிருக்கும்போது பாடம் எடுக்கிறதும் வேண்டாம், அது புது ஆளின்ட வாயை அடைக்கும்.

கிறுக விடுற நேரம் விரலைக் கொக்கி மாதிரி மடிச்சு இலேசாக் கொழுவணும். பெருவிரலால அமத்தினா கிறுகிற பெண்ணின்ட மணிக்கட்டு முறுகும். கையை 3இலயும் 4இலயும் அவட நெத்திக்கு மேல உயர்த்துங்க, அவ 5-6-7இல கிறுகுவா. இழுத்துச் சுத்தத் தேவையில்ல. 5 வந்த பிறகு கையைத் தூக்கினா அவ பிந்துவா. பிழை அவட இல்ல.

மோதிரம், கைக்கடிகாரம், கண்ணாடி வளையல் கழட்டி வையுங்க. நீளப் பின்னலைக் கொண்டையாக் கட்டுங்க, கிறுகிற நேரம் அது சாட்டை மாதிரி அடிக்கும். தாவணி, சால் முடிஞ்சு கட்டணும். ஆளுக்கு ஒரு துவாய், மாத்த ஒரு சேட். ஓகஸ்ட் வேர்வைக்குத் தண்ணி மட்டும் காணாது: தேசிக்காய், உப்பு, சீனி கலந்து வையுங்க, இல்லாட்டி கடையில விக்கிற ஜீவனி உப்புக் கரைசல். தண்ணி தரையில சிந்தினா அந்தப் பாட்டை அப்பவே நிறுத்தித் துடைக்கணும், முடியட்டும் எண்டு பார்க்கக்கூடாது.

வாவிக்கரை:

டவுன் மண்டபம்தான், முடிவு. ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிக்கிறம். ஓகஸ்ட் முதல் இரண்டு கிழமைக்குள்ள ஒரு சனிக்கிழமை பார்க்கிறம். பாசிக்குடாவுக்கு அடுத்த நாள் மெரெங்கேயோட மட்டும்.

பொத்துவில்வழி:

மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோவிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் ஓகஸ்டில் விழும் வருடமும் உண்டு. கலண்டரைப் பார்த்து அந்தக் கிழமையை விட்டுத் திகதி எடுங்கள். அந்நாட்களில் டவுன் வீதிகளில் வாகனம் நகராது.