ஜோன் ஸ்டுவர்ட் மில் வாழ்க்கை ஒப்படை: எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

வவுனியா_உயர்தரம்
வணக்கம். அரசியல் விஞ்ஞான ஒப்படைக்கு ஆங்கில மெய்யியலாளர் மில்லின் வாழ்க்கை, 6 பக்கம். மூன்று வயசில கிரேக்கம், எட்டு வயசில லத்தீன் எண்ட கதையே பாதி இடத்தைப் பிடிக்குது. எம்.பி.யா இருந்தது 1865-68 மட்டும்தானே, அந்தப் பகுதிக்கு என்ன எழுதுறது? கிழக்கிந்தியக் கம்பனியில வேலை செய்தவர் எண்டபடியா, வன்னி நிருவாகத்தோட தொடுத்து எழுதலாமோ?

குளக்கட்டு
தங்கச்சி, தொடுக்காதேங்கோ. நிறையப் பேர் விடுற பிழை இது. 1802இலயே இலங்கையின் கரையோரம் கம்பனியிட்ட இருந்து முழுசா பிரித்தானிய முடிக்குப் போயிட்டுது. வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்சதே அதுக்குப் பிறகு, 1803இல. மில் பிறந்ததே 1806 மே 20. அவர் 17 வயசில கம்பனிக்குள்ள போனது 1823இல. அவருடைய மேசைக்கு வந்தது இந்தியக் கடிதங்கள்தான், முக்கியமா சுதேச சமஸ்தானங்கள் பற்றினது. இந்தியாவுக்கு ஒருக்காலும் போனதில்லை.

சின்னவயசுக் கதைக்கு அரைப் பக்கம் காணும். 35 வருச உத்தியோகத்துக்கு ஒன்றரைப் பக்கம் குடுங்கோ. 1858இல கம்பனி ஆட்சியைக் கலைக்கேக்க, அதுக்கு எதிரான மனுவை எழுதினவரே இவர்தான். அடுத்த வருசம் 'சுதந்திரம் பற்றி' வருது. அதில தனிமனித சுதந்திரக் கொள்கை 'பின்தங்கிய' சமூகங்களுக்குப் பொருந்தாது எண்டு அவரே விலக்கி வைக்கிறார். இதை விட்டிட்டு எழுதினா ஒப்படை புகழ்மாலையாப் போகும்.

மாங்குளம்_சந்தி
மூன்றே வருடம் என்றாலும் பாராளுமன்றப் பகுதிக்குச் சரக்கு நிறைய உண்டு. 1865இல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் நிற்கச் சொல்லிக் கேட்டபோது அவர் போட்ட நிபந்தனைகளிலிருந்து தொடங்குங்கள்: தேர்தலுக்குக் காசு செலவழிக்க மாட்டேன், வீடுவீடாக வாக்குக் கேட்க மாட்டேன், தொகுதியின் உள்ளூர் அலுவல்களைப் பார்க்க மாட்டேன். எங்கட வேட்பாளர் ஒருவர் இப்படிச் சொல்லிப் பார்க்கட்டும்! தொழிலாளர் கூட்டமொன்றில், 'தொழிலாள வர்க்கத்தினர் பெரும்பாலும் பொய்யர்' என்று எழுதியது நீங்கள்தானா என்று கேட்டார்கள். 'நான்தான்' என்றார். கூட்டம் கைதட்டியது.

1866இல் பெண்களின் வாக்குரிமை மனுவைச் சபையில் கொடுத்தார். ஏறக்குறைய 1,500 கையொப்பம். 1867 மே 20இல் அதற்கான திருத்தத்தைக் கொண்டுவந்து 73க்கு 196 என்று தோற்றார். ஜமேக்காவில் கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆளுநர் எயர் மீது வழக்குத் தொடர வேண்டும் என்று நின்றதும், நாத்திகரான பிராட்லோவின் தேர்தல் செலவுக்குப் பணம் கொடுத்ததும் 1868இல் அவருக்கு எதிராகத் திரும்பின. புத்தகக் கடைக்காரர் டபிள்யூ. எச். ஸ்மித்திடம் தோற்றார்.

குளக்கட்டு
இன்னொண்டு. மில் ஆதரிச்ச, தோமஸ் ஹெயார் எண்டவரின்ர தேர்தல் முறையையும் எங்கட விருப்பு வாக்கையும் ஒண்டாக்கிப் போடாதேங்கோ. வன்னித் தேர்தல் மாவட்டத்தில 6 ஆசனம். இங்க முதல்ல கட்சிக்குப் புள்ளடி, பிறகு அதே கட்சிக்குள்ள 3 பேர் வரைக்கும் விருப்பு. அது மற்றக் கட்சிக்குப் போகாது. ஹெயார் முறையில ஆக்களை 1, 2, 3 எண்டு வரிசைப்படுத்துறது; 60,000 வாக்கு, 6 ஆசனம் எண்டா ஒருவருக்கு 10,000 காணும். அதுக்கு மேல விழுந்த வாக்குகள் அந்தந்தச் சீட்டில அடுத்ததா இருக்கிற ஆளுக்குப் போகும். ஹெயாரின் மூலத் திட்டத்தில முழு நாடும் ஒரே தொகுதி மாதிரி. நெடுங்கேணி வாக்கு காலி வேட்பாளருக்கும் போகலாம். சிதறிக்கிடக்கிற சிறுபான்மைக்கு ஆசனம் கிடைக்கிற வழி இதெண்டுதான் மில் பிடிச்சு நிண்டவர். அதே ஆள் படிச்சவைக்குக் கூடுதல் வாக்கு வேணும் எண்டவர், இரகசிய வாக்கெடுப்பு வேண்டாம் எண்டவர். ரெண்டையும் சேர்த்து எழுதுங்கோ.

வவுனியா_உயர்தரம்
நன்றி அண்ணா. மில்லின்ர மனைவி ஹரியற் ரெயிலரைக் கடைசியில தனிப் பந்தியா வைக்கட்டோ?

மாங்குளம்_சந்தி
கடைசியில் வேண்டாம், நடுவில் வையுங்கள். 1830இல் பழக்கம், 1851இல் கலியாணம், 1858இல் பிரான்சின் அவிஞோனில் ஹரியற்றின் மரணம். கலியாணத்துக்கு முதல், சட்டம் கணவனுக்குத் தரும் உரிமைகள் எதையும் பாவிக்க மாட்டேன் என்று மில் எழுதி ஒப்பமிட்ட கடதாசி ஒன்று இருக்கிறது. 1867 திருத்தத்தின் வேரை அங்கே காட்டலாம். சுயசரிதையில் ஹரியற்றைப் பற்றிச் சொல்வதை மட்டும் அப்படியே உண்மையென்று இறக்கி வைக்காதீர்கள். அது கணவன் சொன்ன சாட்சி, 'மில் கூறுகிறார்' என்று போட்டு எழுதுங்கள்.