துண்டுத்துணிப் போர்வைகள்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்

போர்ட்லண்டிலிருந்து:

போன ஜூலை இரண்டாம் சனிக்கிழமை, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சிஸ்டர்ஸ் என்ற சின்ன ஊருக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். பின்னால் தெரியும் மூன்று பனிமலைகளுக்குச் சகோதரிகள் என்று பேர். ஊருக்கும் அதே பேர். 1975இல் ஜீன் வெல்ஸ் என்பவர் தன் துணிக்கடைக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு குவில்ட்டை, அதாவது துண்டுத்துணிப் போர்வையைத் தொங்கவிட்டு ஆரம்பித்த கண்காட்சி, இன்று ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. விடிகாலையில் தீயணைப்பு வீரர்கள் ஏணி வைத்து ஏறி, கடை முகப்புகளில் மாட்டுகிறார்கள். அந்த ஒரு நாள்தான், சாயங்காலம் எல்லாம் இறங்கிவிடும். காற்றடித்தால் தெருவே அசைகிற மாதிரி இருக்கிறது!

நான் நின்றுபோனது ‘லாக் கேபின்’ (மரக்கட்டை வீடு) என்ற வடிவத்தில் தைத்த ஒரு குவில்ட் முன்னால். நடுவில் சிவப்புச் சதுரம், அது வீட்டு அடுப்பு என்பார்கள். அதைச் சுற்றி ஒல்லியான பட்டைகள், பாதி வெளிர் நிறம், பாதி அடர் நிறம். தைத்த பாட்டியம்மா பக்கத்திலேயே இருந்தார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஓரத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் பிடித்து நிறுத்துகிற ஓட்டுத்தையல், அத்தனையும் கையால். அங்குலத்துக்குப் பத்து தையல் விழுந்தால் தேர்ந்த கை. என் மகளை எண்ணச் சொன்னார். பதினொன்று! மூலையில் ஒரு துணிச்சீட்டு: பேர், ஊர், வருடம், யாருக்காகத் தைத்தது.

எங்கள் ஆச்சியும் பழைய நூல்சேலைகளை அடுக்கி, பிள்ளை பெற்ற வீட்டுக்கெல்லாம் மெத்தை தைத்துக் கொடுத்தவர். ஒன்றுகூட மிச்சமில்லை. நைந்ததும் கரித்துணியாக்கிவிட்டோம். அதை நினைத்து இன்னும் மனசு ஆறவில்லை.

ஹூப்ளியிலிருந்து:

அக்கா, ஆச்சி மெத்தைக்கு இங்கே எல்லாப்பூர் காட்டுப்பக்கம் ஒரு சொந்தம் இருக்கிறது. சித்தி இனப் பெண்கள் தைக்கிற கவந்தி என்ற போர்வை. போர்ச்சுக்கீசியர் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். கட்டம் கட்டமாகச் சேர்த்துவிட்டு அப்புறம் தைக்கிற வழக்கம் இல்லை. ஓரத்தில் ஆரம்பித்து, பழந்துணியை மடித்து வைத்து அடித்துணியோடு சேர்த்தே தைத்து, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிக்கிறார்கள். நாலு மூலையிலும் மடித்த துணியில் ஒரு பூ. பூ இல்லாவிட்டால் கவந்தி அம்மணமாக நிற்கிறது என்பார்களாம்.

நான் வாங்கினதில் பள்ளிக்கூடச் சீருடை நீலமும் பூப்போட்ட நைட்டித் துணியும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது, ஒரு தையல் விடவில்லை.

போர்ட்லண்டிலிருந்து மறுபடியும்:

தம்பி, நீங்கள் எழுதினதைப் படித்துவிட்டு ஊருக்குப் போன் போட்டேன். அத்தை பரணில் தேடி ஒரு மெத்தையை எடுத்துவிட்டார்! பாதி கிழிசல், சேலைக் கரை மட்டும் கெட்டியாக இருக்கிறதாம். வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஆச்சி பேரையும் ஊரையும் துணியில் எழுதி மூலையில் தைத்துவிடுவேன். வருடம்தான் தெரியவில்லை. நான் பிறந்ததுக்குத் தைத்தது என்கிறார் அத்தை. இல்லை, என் தம்பிக்கு என்கிறார் அம்மா.