பெரிய பாடி, சின்ன லென்ஸ்: காதுகுத்துக்கு முன்னால் எங்கள் குடும்பக் குழுவில்

*குழு: நெல்லைச் சொந்தங்கள்*
*புதன்கிழமை மாலை*

செந்தில்: மாமா, நிகான் டி750 கேமரா கைக்கு வந்துவிட்டது. செகண்ட் ஹேண்ட்தான், ஆனால் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். ஷட்டர் கவுண்ட்டும், அதாவது இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கையும், குறைவு.

வசந்தி அத்தை: ரொம்ப சந்தோஷம்டா. சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாயா?

செந்தில்: கும்பிட்டாச்சு அத்தை. அம்மா லென்ஸ் மூடி மேலேயே குங்குமம் வைத்துவிட்டாள்.

செந்தில்: மாமா, ஒரு சந்தேகம். என் பழைய கேமரா டி7200-இல் இருந்த 18-140 ஜூம் லென்ஸை அப்படியே கழற்றி இதில் மாட்டினேன். படம் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் கம்ப்யூட்டரில் பார்த்தால் 3936 × 2624 என்று காட்டுகிறது. இது 24 மெகாபிக்சல் கேமரா இல்லையா? ஏமாந்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

குமரன் மாமா: பயப்படாதே மாப்பிள்ளை, கேமராவில் குறை இல்லை. 18-140 என்பது டிஎக்ஸ் லென்ஸ், அதாவது சின்னச் சென்சார் கேமராவுக்குச் செய்தது. அதை மாட்டியதுமே கேமரா பாடி தானாக டிஎக்ஸ் அளவுக்கு மாறிக்கொள்ளும். படம் பதிகிற சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். 3936-ஐ 2624-ஆல் பெருக்கிப் பார், 10.3 மெகாபிக்சல்.

செந்தில்: பாதிகூட இல்லையே!

குமரன் மாமா: பாதிக்கும் கொஞ்சம் கீழேதான். உன் டி750-இல் இருப்பது ஃபுல் ஃபிரேம் சென்சார், 36க்கு 24 மில்லிமீட்டர். டி7200-இல் இருப்பது 23.5க்கு 15.6. பரப்பளவில் இரண்டே கால் மடங்குக்கும் கொஞ்சம் அதிகமான வித்தியாசம்.

அருண்: அத்தான், வியூஃபைண்டருக்குள் கோடு போட்ட ஒரு கட்டம் தெரிகிறதா?

செந்தில்: ஆமாம் அருண். அது எதற்கு என்று புரியாமல் கட்டத்துக்கு வெளியேயும் சேர்த்து ஃபிரேம் வைத்தேன். அதனால்தான் அம்மாவின் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது போல.

குமரன் மாமா: அதேதான். கண்ணாடி வழியாகப் பார்க்கிற கேமரா என்பதால் முழுக் காட்சியும் கண்ணுக்குத் தெரியும், கட்டத்துக்குள் இருப்பது மட்டும்தான் பதிவாகும். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பாடி என்றால் கட்டத்துக்குள் இருப்பதையே திரை முழுக்கப் பெரிதாகக் காட்டிவிடும். அங்கே இந்தக் குழப்பம் வராது.

செந்தில்: இப்படி நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிற கிராப்பை நிறுத்த முடியாதா மாமா?

குமரன் மாமா: முடியும். ஷூட்டிங் மெனுவில் இமேஜ் ஏரியா என்று இருக்கும். அதற்குள் ஆட்டோ டிஎக்ஸ் கிராப்பை ஆஃப் செய்துவிட்டு எஃப்எக்ஸ், அதாவது முழுச் சென்சார் அளவைத் தேர்ந்தெடு. ஜூமை 18-இல் வைத்து வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒரு படம் எடுத்து இங்கே போடு. நான் சொல்வதைவிடப் படமே சொல்லும்.

செந்தில்: 📷 படம்

தீபா அக்கா: என்னடா இது, சுற்றிலும் கறுப்பாக இருக்கிறது?

குமரன் மாமா: அதைத்தான் பார்க்கச் சொன்னேன். லென்ஸ் உள்ளே விழவைப்பது செவ்வகம் இல்லை, வட்டம். சுவரில் டார்ச் அடித்தால் விழுமே, அந்த மாதிரி. வட்டத்துக்குள் எந்தச் செவ்வகம் அடங்குகிறதோ அதுதான் நமக்குப் படம். டிஎக்ஸ் சென்சாரின் மூலைக்கு மூலை 28 மில்லிமீட்டர், அதற்குப் போதுமான வட்டம்தான் இந்த லென்ஸில் வரும். ஃபுல் ஃபிரேமின் மூலைக்கு மூலை 43 மில்லிமீட்டர். மிச்சத்தில் வெளிச்சமே விழவில்லை, அதனால்தான் கறுப்பு.

அருண்: 35 எம்எம் எஃப் 1.8 டிஎக்ஸ் வைத்திருக்கிறீர்களே அத்தான், அதையும் மாட்டிப் பாருங்கள். அது ஃபுல் ஃபிரேமிலும் ஓரளவு ஓடும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள்.

செந்தில்: 📷 படம்

செந்தில்: அட, இதில் மூலை மட்டும்தான் இருட்டாக இருக்கிறது! எஃப் 1.8-இல், வெளிச்சம் வருகிற அப்பர்ச்சர் துளையை முழுக்கத் திறந்து எடுத்தேன்.

குமரன் மாமா: இப்போது துளையைச் சுருக்கி எஃப் 8-இல் வைத்து, மாடியிலிருந்து தூரத்தில் இருக்கிற கட்டடத்தை எடு.

செந்தில்: 📷 படம்

செந்தில்: மூலை இன்னும் கறுத்துவிட்டது. கத்தரித்த மாதிரி ஓரம் தெளிவாகத் தெரிகிறது.

குமரன் மாமா: கவனித்தாயா? அப்பர்ச்சர் முழுக்கத் திறந்திருந்தால் வட்டத்தின் ஓரம் மெல்ல மங்கும், முகத்தை நடுவில் வைத்து எடுக்கிற படத்துக்கு அது உறுத்தாது. அப்பர்ச்சரைக் குறைக்கக் குறைக்க ஓரம் பளிச்சென்று வெட்டும். லைட்ரூம் சாஃப்ட்வேரில் சரிசெய்யலாம் என்று நினைக்காதே. மங்கலாக இருப்பதைத்தான் ஏற்ற முடியும், வெளிச்சமே விழாத இடத்தில் ஏற்றுவதற்கு ஒன்றும் இருக்காது.

குமரன் மாமா: உன் பாடியில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. இமேஜ் ஏரியாவில் எஃப்எக்ஸ்-க்கும் டிஎக்ஸ்-க்கும் நடுவில் 1.2 என்று ஒன்று இருக்கும். அதை வைத்து 35-ஐப் போட்டு எடுத்துப் பார். 5008 × 3336 வரும், ஏறக்குறைய 16.7 மெகாபிக்சல். மூலைக் கறுப்பில் பெரும்பகுதி ஃபிரேமுக்கு வெளியே போய்விடும். பார்வைக் கோணமும் 42 எம்எம் மாதிரி இருக்கும், வீட்டுக்குள் ஆட்களை எடுக்கத் தோதான கோணம்.

செந்தில்: நன்றாக இருக்கிறது மாமா! இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

செந்தில்: அப்படியானால் காதுகுத்துக்கு டி750-இல் இந்த இரண்டு லென்ஸையும் வைத்தே சமாளித்துவிடலாம், இல்லையா? டி7200-ஐ நாளைக்குக் கடையில் கொடுத்துவிடுகிறேன் என்று பேசி வைத்திருக்கிறேன்.

குமரன் மாமா: கொடுக்காதே! தயவுசெய்து காதுகுத்து முடிகிறவரை கொடுக்காதே.

செந்தில்: ஏன் மாமா?

குமரன் மாமா: தீபா, ஆல்பம் என்ன அளவில் போடப்போகிறாய்?

தீபா அக்கா: 12க்கு 36 ஷீட் மாமா. நடுவில் ஒரே ஒரு படம் இரண்டு பக்கமும் சேர்த்துப் பெரிதாக வரவேண்டும். மகனை மடியில் வைத்து ஊசி வைக்கிற நேரத்துப் படம்.

குமரன் மாமா: அப்போது கணக்குப் பார்ப்போம். 36 அங்குலத்துக்கு ஒரே படத்தை இழுத்தால், டிஎக்ஸ் கிராப்பில் எடுத்த படத்துக்கு ஓர் அங்குலத்துக்கு 109 பிக்சல்தான் கிடைக்கும். 12க்கு 8 பிரிண்ட் என்றால் 300-க்கு மேலேயே வரும், கவலை இல்லை. ஆனால் இவ்வளவு பெரிய ஷீட்டில், கையில் வைத்துப் பார்க்கிற ஆல்பத்தில், பிள்ளையின் கண்ணிமை முடி குழைந்துதான் தெரியும்.

குமரன் மாமா: இதே 18-140-ஐ உன் டி7200-இல் மாட்டினால் 6000 × 4000 முழுதாகக் கிடைக்கும். ஓர் அங்குலத்துக்கு 167. லென்ஸ் அதே லென்ஸ், கோணமும் அதே கோணம்தான். இந்த லென்ஸுக்குப் பழைய பாடிதான் உசத்தி. அதை விற்றுவிட்டு 10 மெகாபிக்சலில் எடுப்பது எனக்கு மனசே ஆகவில்லை.

அருண்: ஆனால் அப்பா, கோயிலுக்குள் வெளிச்சம் குறைவு. ஃபுல் ஃபிரேம் என்றால் ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) ஏற்றினாலும் புள்ளி புள்ளியாக வராதே?

குமரன் மாமா: முழுச் சென்சாரையும் பயன்படுத்தினால்தான் அந்த நன்மை. கிராப்பில் எடுக்கும்போது விழுந்த வெளிச்சத்தில் இரண்டே கால் பங்குக்கு ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறோம். ஒரு ஸ்டாப்புக்கு, அதாவது பாதி வெளிச்சத்துக்கு, கொஞ்சம் மேலேயே போய்விடும். அப்புறம் அது பெரிய சென்சாராக இருந்து என்ன பயன்?

செந்தில்: அப்போது எஃப் 1.8 லென்ஸ் எஃப் 2.7 மாதிரி ஆகிவிடும் என்கிறார்களே, ஷட்டர் வேகத்தையும் அதற்கு ஏற்பக் குறைக்க வேண்டுமா?

குமரன் மாமா: வேண்டாம். எக்ஸ்போஷர் மாறாது, எஃப் 1.8 எஃப் 1.8-தான். மீட்டர் சொல்கிறபடி வை. பின்னணி மங்குவதும் புள்ளி புள்ளியாக வருகிற நாய்ஸும்தான் சின்னச் சென்சார் கேமராவில் வருகிற மாதிரி வரும், அதைத்தான் 2.7 கணக்கு என்று சொல்கிறார்கள்.

தீபா அக்கா: வீடியோவும் வேண்டுமே மாமா?

குமரன் மாமா: வீடியோவுக்குத் தைரியமாக டிஎக்ஸ் லென்ஸ் போடலாம் மருமகளே. டி750-இல் ஃபுல் எச்டிதான் அதிகபட்சம். அதற்கு இரண்டு மெகாபிக்சல் அளவு போதும், 10-இல் தாராளமாக அடங்கும்.

அருண்: அத்தான், நிகானில் மாட்டிப் பார்க்கவாவது முடிகிறதே. என்னுடைய கேனன் 10-18 இஎஃப்-எஸ் லென்ஸை, அதுவும் சின்னச் சென்சாருக்கானதுதான், ஆபீஸ் நண்பர் தன் ஃபுல் ஃபிரேம் கேனன் 6டி-க்குக் கேட்டார். மாட்டவே முடியாது.

தீபா அக்கா: இரண்டும் கேனன்தானே?

அருண்: ஆமாம் மதினி. லென்ஸில் வெள்ளைச் சதுரம் இருக்கும், 6டி-யில் சிவப்புப் புள்ளி மட்டும்தான். 2003-இல் 300டி கேமராவோடு வந்த லென்ஸ் வகை இது. லென்ஸின் பின்பக்கம் சென்சாருக்குப் பக்கத்தில் நீண்டிருக்கும். ஃபுல் ஃபிரேம் பாடியில் கண்ணாடி பெரிது, மேலே எழும்பும்போது லென்ஸில் இடிக்கலாம். அதனால் லென்ஸ் மாட்டுகிற இடமான மவுண்டிலேயே தடுத்துவிட்டார்கள்.

குமரன் மாமா: கேனனின் மிரர்லெஸ் ஆர் வரிசைக்குப் போனால் அடாப்டர் போட்டு மாட்டலாம், அங்கே கண்ணாடியே கிடையாது. ஆனால் கேனனில் கிராப் 1.6. ஆர்6-இல் 20 மெகாபிக்சல் 7.7 ஆகிவிடும். நீ எதிர்காலத்தில் மாறும்போது இதை மனதில் வைத்துக்கொள். சோனி ஏ7ஆர் 5 மாதிரி 61 மெகாபிக்சல் பாடி என்றால் கிராப்பிலும் 26 மிஞ்சும். அந்த மாதிரிப் பாடி வைத்திருப்பவர்களுக்குச் சின்ன லென்ஸ் மாட்டுவது உண்மையிலேயே லாபம், பையின் எடை குறையும்.

செந்தில்: சரி மாமா. டி7200-ஐக் கொடுக்கவில்லை, கடைக்குப் போன் செய்து சொல்லிவிடுகிறேன். ஆனால் டி750-க்கு உடனே எஃப்எக்ஸ் லென்ஸ் வாங்கக் கையில் காசு இல்லையே.

குமரன் மாமா: வாங்க வேண்டாம். நம் வீட்டு பீரோவில் என்னுடைய பழைய 50 எம்எம் எஃப் 1.8 டி இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் எஃப்80 கேமராவில் போட்டு எடுத்தது. ஃபிலிமும் 36க்கு 24-தான், அதனால் அந்த லென்ஸின் வட்டம் உன் சென்சாரை முழுதாக மூடும். நிகான் மவுண்ட் 1959-இலிருந்து அதே எஃப் மவுண்ட், நேராக மாட்டிக்கொள்ளும்.

வசந்தி அத்தை: எடுத்துவிட்டேன். கறுப்பு டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு இருந்தது.

குமரன் மாமா: பின்மூடியைக் கழற்றி, அப்பர்ச்சர் வளையத்தை 1.8-இல் வைத்துக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தைப் பின்பக்கமிருந்து அடித்துப் பார். உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை தெரிகிறதா?

வசந்தி அத்தை: 📷 படம்

வசந்தி அத்தை: இரண்டு மூன்று தூசிதான் தெரிகிறது. நூல் எதுவும் இல்லை.

குமரன் மாமா: நல்லது. தூசி படத்தில் தெரியாது. செந்தில், நாளைக்கு வந்து எடுத்துக்கொள். இந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, உன் பாடியில் இருக்கிற மோட்டார்தான் ஃபோகஸ் செய்யும். சத்தம் கேட்கும், அது இயல்புதான். மாட்டினதும் அப்பர்ச்சர் வளையத்தை ஆரஞ்சு நிற 22-க்குத் திருப்பிப் பூட்டிவிடு. இல்லையென்றால் திரையில் எஃப்ஈஈ என்று காட்டிவிட்டு ஷட்டரே விழாது.

செந்தில்: குறித்துக்கொண்டேன் மாமா. ஊசி வைக்கிற நேரத்தில் 50-ஐ வைத்து நானே எடுத்துவிடுகிறேன்.

வசந்தி அத்தை: நீ எப்படிடா எடுப்பாய்? தாய்மாமன் மடியில்தானே பிள்ளை உட்காரும்!

தீபா அக்கா: அதானே! நீ படத்துக்குள் இருக்க வேண்டியவன்.

செந்தில்: கேமரா யோசனையில் அது தோன்றவே இல்லை.

குமரன் மாமா: டி750-உம் 50-உம் என் கையில் இருக்கட்டும், மடியில் உட்காருவது முதல் ஊசி முடிகிறவரை நான் எடுக்கிறேன். அந்த வெளிச்சத்தில் எஃப் 2-உம் முழுச் சென்சாரும்தான் காப்பாற்றும். அருண் டி7200-உம் 18-140-உம் வைத்துக்கொண்டு பின்னால் நின்று சீர்வரிசை, கூட்டம் எல்லாம் எடுக்கட்டும். அங்கே கழற்றி மாட்டுகிற வேலையே வேண்டாம்.

அருண்: சரி அப்பா. நிகானில் ஜூம் கேனனுக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். அத்தான், வெள்ளிக்கிழமையே கேமராவைக் கொடுத்துவிடுங்கள், கை பழகிக்கொள்கிறேன்.

செந்தில்: நாளைக்கு லென்ஸ் எடுக்க வரும்போதே கொண்டுவருகிறேன் மாப்ள. பேட்டரி இரண்டுக்கும் ஒரே வகைதான், சார்ஜரையும் சேர்த்து எடுத்து வருகிறேன்.

வசந்தி அத்தை: அப்படியே சாப்பிட்டுவிட்டுப் போ. தீபா, பிள்ளைக்கு மொட்டை காலையிலேயே அடித்துவிடுவார்களா?

தீபா அக்கா: ஆமாம் அத்தை, மொட்டை முடிந்ததும் குளிக்கவைத்து நேராக மடிக்குத்தான்.

குமரன் மாமா: அப்படியானால் சந்தனம் காய்வதற்குள் ஒரு படம் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் வெளியே நல்ல வெளிச்சம் இருக்கும். அருண், அதற்கு அந்த 35-ஐ டி7200-இலேயே போட்டு எடுத்துவிடு, அப்புறம் 18-140-ஐ மாட்டிக்கொள்.